மயங்கிய நாயா, விழித்திருக்கும் நாயா? செரிமானச் சுரப்பை எதில் அளப்பது

செரிமான நீர் எதன் ஏவலில் சுரக்கிறது? 1900 வாக்கில் இந்தக் கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை தேடினார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இவான் பாவ்லோவ் நாய்க்கு முன்கூட்டியே அறுவை செய்து, தேறிய பிறகு விழிப்பிலேயே குழாய் வழியாகச் சுரப்பைச் சேகரித்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயை மயக்கி, வயிற்றைத் திறந்து, ஒரே அமர்வில் சோதனையை முடித்தார்கள்.

மயக்க மருந்தின் மேல் பாவ்லோவுக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு முன் பலர், மயங்கிய விலங்கில், மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டியும் இரைப்பை நீர் வராததால், அந்த நரம்புக்கு இதில் வேலையே இல்லை என்று எழுதிவிட்டார்கள். மயக்கமும் அறுவையின் அதிர்ச்சியும்தான் சுரப்பை அடக்குகின்றன என்றார் அவர். அதற்கு அவர் காட்டிய சாட்சி, உணவுக்குழாயை வெட்டிக் கழுத்துக்கு வெளியே திருப்பிவிட்ட நாய். தின்ற இறைச்சியெல்லாம் கழுத்து வழியே விழுந்துவிடும், வயிற்றுக்குள் ஒரு துண்டும் போகாது. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் இரைப்பை நீர் வரத் தொடங்கும். வேகஸை வெட்டினால் வராது. பசியும் ருசியும் தூண்டும் இந்தச் சுரப்பை மயங்கிய விலங்கில் பார்க்க வழியே இல்லை.

சரி, அப்படியானால் பாவ்லோவ் வழியே மேல் என்று முடித்துவிடலாமா? 1902 ஜனவரி 16 அன்று பேலிஸும் ஸ்டார்லிங்கும் செய்ததைப் பார்த்தால் முடியாது. மார்ஃபினும், ஆல்கஹால், குளோரோஃபார்ம், ஈதர் கலந்த ஆவியும் கொடுத்து மயக்கிய நாய். சிறுகுடலின் ஒரு துண்டை நரம்புத் தொடர்பு இல்லாமல் பிரித்து, அதற்குள் அமிலம் விட்டார்கள். கணைய நீர் வந்தது. அந்தக் குடலின் உட்சவ்வைச் சுரண்டி அமிலத்தில் அரைத்து, வடித்துக் கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். மறுபடியும் வந்தது. கணையத்தைச் சுரக்கச் சொல்லும் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் கிடைத்தது இப்படித்தான். ஹார்மோன் என்ற பெயரையே ஸ்டார்லிங் 1905இல்தான் கொடுத்தார். குடலில் அமிலம் பட்டால் கணையம் சுரக்கும் என்று பாவ்லோவின் ஆட்களுக்கும் தெரியும். ஆனால் அதை நரம்பின் வேலை என்றே எடுத்துக்கொண்டார்கள். வெட்டிப் பிரித்து, ரத்தத்தில் செலுத்திச் சரிபார்க்க மயங்கிய விலங்குதான் தோது. மயக்கம் அமுக்குவது பெரும்பாலும் நரம்பு வழியை. ரத்த வழியாக வரும் செய்தி அதையும் மீறிக் கணையத்தை எட்டியது.

இதே ஆய்வகத்தில்தான் பழுப்பு நாய் விவகாரமும். 1903இல் ஒரு செயல்விளக்கத்தில் நாய் சரியாக மயங்கவில்லை என்று குற்றம்சாட்டியவர் மேல் பேலிஸ் வழக்குப் போட்டு 2,000 பவுண்டு இழப்பீடு பெற்றார்.

இன்றைய எலிச் சோதனைகளில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் ஒவ்வொரு மருந்தும் வேறு இடத்தில் கை வைக்கிறது. யூரித்தேன் பல மணி நேரம் நிலையாக மயக்கும், அனிச்சைச் செயல்களையும் ஓரளவு விட்டுவைக்கும். ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் எலியை மறுபடி எழுப்பும் சோதனைக்கு உதவாது. இதில் சுரப்புகளை அடக்கும் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வேறு குறுக்கே நிற்கிறது. யூரித்தேன் கொடுத்த எலியில் அந்த ஹார்மோனை எதிர்ப்பொருளால் முடக்கியதும், அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான காஸ்ட்ரினும் அமிலமும் ஏறின. கெட்டமினோடு சேர்த்துக் கொடுக்கும் சைலசின் கணையத்தின் பீட்டா செல்களை அடக்கி இன்சுலினைக் குறைக்கும். தின்றிருந்த எலியில் சர்க்கரை சட்டென்று ஏறும், பட்டினி எலியில் அவ்வளவு இல்லை. ஐசோஃப்ளூரேனும் இன்சுலினைக் குறைக்கும், ஆனால் நிறுத்தினால் சீக்கிரம் தெளிந்துவிடும். பென்டோபார்பிட்டால் சர்க்கரையில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. அளவு கொஞ்சம் தப்பினால் மூச்சு நின்றுவிடும், அதுதான் பயம்.

யூரித்தேனை இதோடு ஒதுக்கிவிட வேண்டாம். யுனிவர்சிட்டி காலேஜிலேயே கோஷும் ஷில்டும் 1958இல் யூரித்தேன் எலியின் இரைப்பை வழியே திரவத்தை ஓட்டி, அமிலத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் முறையை வெளியிட்டார்கள். கோஷ் பின்னாளில் புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியர். அடித்தளச் சுரப்பு அடங்கியிருப்பதே அங்கே வசதி, ஏனென்றால் வெளியிலிருந்து ஏற்றும் ஹிஸ்டமின் தூண்டும் அமிலம் தெளிவாகத் தெரியும். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த, அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் மருந்தை மயங்கிய எலியிலும் சோதித்தார்கள், இரைப்பையில் தனிப்பை அமைத்த விழித்திருக்கும் நாயிலும் சோதித்தார்கள்.

என் தேர்வு கேள்வியைப் பொறுத்தது. ஒரு மருந்து அமிலச் சுரப்பைத் தடுக்கிறதா என்பதற்கு யூரித்தேன் எலி போதும். சாப்பாட்டுக்குப் பிறகு இன்சுலினோ காஸ்ட்ரினோ எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால், குழாய் பொருத்தித் தேறிய, விழித்திருக்கும் எலியின் ரத்தத்தைத்தான் கேட்பேன். அதற்கு வசதியில்லை என்றால், எந்த மயக்க மருந்து, கடைசியாக எப்போது தின்றது என்ற இரண்டும் எழுதாத அட்டவணையை நான் படிப்பதில்லை.