சிறார் சிறையைப் பெரியவர் சிறையாக்குவது: கென்ட் வழியா, விஸ்கான்சின் வழியா?

ஒரு சிறார் சிறையை மூடி, அதே வளாகத்தைப் பெரியவர்களுக்கான சிறையாக்க நினைக்கும் அரசுக்கு இரண்டு வழிகள் உண்டு. பிள்ளைகளை உடனே வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொள்வது ஒன்று. பிள்ளைகளுக்குப் புது இடம் கட்டி முடித்த பிறகே பழைய இடத்தில் கை வைப்பது இன்னொன்று. முதல் வழியில் இங்கிலாந்து 2024-இல் கென்ட்டில் போனது. இரண்டாவதை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2018-இல் சட்டமாகவே எழுதிவைத்தது. எழுதியதோடு சரி, கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

வேகம் என்று பார்த்தால் கென்ட்டுக்குப் போட்டியே இல்லை. ராச்செஸ்டர் அருகே உள்ள குக்கம் வுட் சிறையில் 15 முதல் 17 வயது வரையிலான பையன்கள் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் ஆய்வாளர்கள் உள்ளே போனபோது 77 பையன்கள், கிட்டத்தட்ட 450 ஊழியர்கள். ஒரு பையனுக்கு ஐந்தாறு பேர் இருந்தும், ஆறு மாதத்துக்குள் 228 ஆயுதங்கள் பிடிபட்டிருந்தன. இரண்டு பையன்கள் நூறு நாட்களுக்கும் மேல் தனிமையில் கிடந்தார்கள். 2024 மார்ச்சில் அரசு அறிவித்தது: சிறார் பிரிவு மூடப்படுகிறது, இனி இது வயது வந்த ஆண்களுக்கு. பெரியவர் சிறைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரம் அது. கைதிகள் சுமார் 88,000 பேர்.

அவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம் நிர்வாகத் திறமை என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 வாக்கில் சுமார் 3,000 சிறார்கள் காவலில் இருந்தார்கள். 2024 வாக்கில் 430 பேர் அளவுக்குக் குறைந்துவிட்டது. படுக்கைகள் மிச்சம் இருந்ததால் ஆளை நகர்த்த முடிந்தது. ஆனால் எங்கே நகர்த்தினார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் இந்த வகைச் சிறையாக எஞ்சியவை ஃபெல்தம், வெரிங்டன், வெதர்பி மூன்றும்தான். வெதர்பி யார்க்‌ஷயரில் இருக்கிறது. கென்ட்டில் இருக்கும் ஒரு தாய் மகனைப் பார்க்க இங்கிலாந்தின் பாதி நீளத்தைக் கடக்க வேண்டும். அந்தச் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறாது.

விஸ்கான்சினின் கதையே இந்தத் தூரத்தில்தான் ஆரம்பிக்கிறது. 2011-இல் சிக்கனம் என்ற பெயரில் மாநிலத்தின் தெற்கே இருந்த ஈதன் ஆலன், சதர்ன் ஓக்ஸ் இரண்டையும் மூடி, எல்லாப் பிள்ளைகளையும் வடக்கே இர்மா அருகே உள்ள லிங்கன் ஹில்ஸ் வளாகத்தில் சேர்த்தார்கள். பிள்ளைகளில் பெரும்பகுதி மில்வாக்கி நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டிலிருந்து 200 மைலுக்கு மேல். 2015 டிசம்பரில் மாநிலப் புலனாய்வாளர்கள் வளாகத்துக்குள் சோதனைக்குப் போனார்கள். 2017-இல் பெப்பர் ஸ்ப்ரே, தனிமைச் சிறை இவற்றை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2018 மார்ச்சில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட சட்டம், 2021 ஜனவரிக்குள் லிங்கன் ஹில்ஸை மூடி, பிள்ளைகளை வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன இடங்களில் வைத்து, வளாகத்தைப் பெரியவர் சிறையாக்கச் சொன்னது.

காகிதத்தில் இதைவிட நியாயமான வரிசை கிடையாது. பிறகு நடந்தது நமக்கும் பழக்கமான கதைதான். கெடு ஒருமுறை 2021 ஜூலைக்குத் தள்ளப்பட்டது. அதுவும் போனது. சட்டத்தில் தேதி இருந்தது. புது இடங்களின் முகவரியும் முழுப் பணமும் இல்லை. கட்டித்தருவதாக முன்வந்த சில கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்) பின்வாங்கின. "பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்" என்று ஊர்க்காரர்கள் நின்றார்கள். மில்வாக்கியில் 32 பேருக்கான மையத்தின் கட்டுமானமே 2024-இல்தான் தொடங்கியது.

கட்டட விஷயத்தில் இரண்டு வழிக்கும் ஒரே தலைவலி. சிறார் வளாகத்தில் வகுப்பறை அதிகம், பட்டறை குறைவு. பெரியவர் சிறையில் நீரிழிவு, இதய நோய், சக்கர நாற்காலி என்று முதுமையே ஒரு துறை. மருத்துவப் பகுதியைப் புதிதாகவே கட்ட வேண்டிவரும். வேலி, கண்காணிப்புக் கோபுரம், சமையலறையின் அளவு என்று எல்லாமே மாறும். பாதிப் பாதியாக மாற்றலாமே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் அது வெகு சிரமம்: காவலில் இருக்கும் சிறார்கள் வயது வந்த கைதிகளின் கண்ணிலும் படக்கூடாது, குரலும் எட்டக்கூடாது என்பது 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் அடிப்படை. கடைசிப் பையன் போகும்வரை வளாகம் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, அதுவும் குக்கம் வுட்டின் பக்கத்து மனையிலேயே. மெட்வே என்ற சிறார் பயிற்சி மையத்தை மூடி, பெரியவர் பக்கம் தள்ளாமல், பிள்ளைகளுக்கே பாதுகாப்புப் பள்ளியாக மாற்றினார்கள். ஒயாசிஸ் ரெஸ்டோர், 49 பேருக்கு, 2024-இல் திறந்தது. அடுத்த ஆண்டே கதவுகள் பலமில்லை என்று தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. நல்ல யோசனை, மோசமான கதவு. இந்த இரண்டுக்கும் பக்கத்திலிருக்கும் ராச்செஸ்டர் சிறைதான் 1902-இல் உலகின் முதல் பார்ஸ்டல், அதாவது இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளி. புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளிக்கு மூதாதை. இன்று அதிலும் பெரியவர்கள்தான்.

என் ஓட்டு விஸ்கான்சின் வரிசைக்கே, ஆனால் தேதிக்குப் பதில் நிபந்தனை வைத்து: புது இடத்தில் இத்தனை படுக்கை தயாரான அன்று பழைய இடம் கைமாறும் என்று. வாக்கருக்குப் பின் விஸ்கான்சின் ஆளுநரான டோனி எவர்ஸ் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார் என்றே தோன்றுகிறது. அதே மாநிலத்தில் 1898-இல் திறந்த கிரீன் பே பெரியவர் சிறையை மூடி, லிங்கன் ஹில்ஸில் 500 பெரியவர்களை வைக்கும் திட்டத்தை 2025 பிப்ரவரியில் முன்வைத்தவர் அவர்தான். அந்த ஆண்டு பட்ஜெட்டில் சட்டமன்றம் கிரீன் பேயை மூட 2029 என்று கெடு வைத்தபோது, திட்டமிடும் பணத்தை வைத்துக்கொண்டு கெடுவை மட்டும் தன் மறுப்பு அதிகாரத்தால் (வீட்டோ) வெட்டிவிட்டார்.