ஊசி மருந்தும் என் உள்ளங்கையும்: நாலு வருட அனுபவம்

காரைக்குடியில் இருக்கிறேன். பனை ஓலையில் கொட்டான் முடைவது தொழில். எட்டு வருடமாகச் சரவாங்கி வாதம், மூட்டெல்லாம் வீங்கி இறுகிப்போகும் நோய். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு அடங்காததால் 2021-இல் மதுரை டாக்டர் அடலிமுமாப் என்ற ஊசி மருந்தை எழுதினார். காசநோய்ப் பரிசோதனை முடிந்ததும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம், தொடையில் நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் விரல் மடங்கியது. காலையில் காபி டம்ளரை ஒற்றைக் கையால் பிடித்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்வதைப் படித்து யாரும் மருந்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆரம்பத்தில் ஊசி போட்ட இடம் ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்து அரிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்து, தடவைக்குத் தடவை இடம் மாற்றிப் போட்டேன். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது.

2023 சித்திரையில்தான் சோதனை. உள்ளங்கையில் மஞ்சள் மஞ்சளாய், கடுகு அளவில் கொப்புளங்கள். காய்ந்து பழுப்பாகித் தோல் செதிலாய் உரியும். பக்கத்திலேயே புதிது கிளம்பும். பிறகு குதிகாலிலும் வந்தது. ஓலை உரசினால் உயிர் போகும். வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரையில்கூடக் கால் ஊன்ற முடியவில்லை. "வெயில் சூடுடி, நுங்கைத் தடவு" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. மாமியார் அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினார். நானும் கூச்சப்பட்டு ஆறு வாரம் கையை முந்தானைக்குள் மறைத்தேன். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

தோல் டாக்டர் கையைப் பார்த்ததும், "என்ன ஊசி போடுறீங்க?" என்றுதான் கேட்டார். சோரியாசிஸ் என்ற செதில் படை நோயில் ஒரு வகை, கொப்புளத்தில் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார். சோரியாசிஸுக்கே கொடுக்கும் மருந்து சிலருக்கு அதையே கிளப்பிவிடுமாம். வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத்தான் இந்த ஊசி அடக்குகிறது, அது அடங்கும்போது உடம்பில் இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு புரதம் தலைதூக்குவது காரணம் என்று விளக்கினார். களிம்பு தடவிக்கொண்டே ஊசியைத் தொடர்ந்தும் கொப்புளம் அடங்கவில்லை. நானாக நிறுத்தவில்லை, இரண்டு டாக்டரும் பேசி டோசிலிசுமாப் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை, டிரிப்ஸில் ஒரு மணி நேரம். உள்ளங்கை தெளிய மூன்று மாதம் ஆனது.

இந்த மருந்தில் வேறு கவனம் வேண்டும். தோலில் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில், உடம்பில் வீக்கம் இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. அளவும் ஏறாமல் இருக்கலாம். போன ஐப்பசியில் ஓலை கிழித்த கட்டைவிரல் லேசாகத்தான் சிவந்திருந்தது. அன்றைக்கே போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். ஆன்டிபயாட்டிக் கொடுத்து, விரல் ஆறும்வரை அடுத்த டிரிப்ஸைத் தள்ளிவைத்தார்.