காரங்காடு படகுக்கு முழு மார்க், காளையார்கோவிலுக்கு அரை மணி நேரம் போதாது

மதுரையிலிருந்து சிவகங்கைப் பக்கத்துக் காளையார்கோவிலும் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிற காரங்காடு படகுச் சவாரியும் சேர்த்து ஒரே நாளில் கூட்டிப்போகும் வேன் பயணம் ஒன்றில் குடும்பத்தோடு போய்வந்தோம். வண்டி சுத்தம், டிரைவர் அண்ணன் நிதானமாக ஓட்டினார், அதில் குறையே இல்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முதலில் படகு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். கோட்டைக்கரை ஆறு கடலில் கலக்கும் இடம் அது, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சு வேர்கள், நடுவில் அவசரமே இல்லாமல் போகிற படகு. படகோட்டி உள்ளூர் மீனவர். "இலையைத் தொட்டு நாக்கில் வையுங்க தம்பி" என்றார், பையன் வைத்துப் பார்த்தான், உப்பு! வேர் உறிஞ்சுகிற உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் மரங்கள் விலகி பாக் நீரிணை திறந்தது, காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காலத்தில் பாய் கட்டித்தான் தொண்டிக்குப் போவார்கள் என்றார் அவர்.

தொண்டி என்றதும்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. சிவகங்கைச் சீமையின் துறைமுகம் அது. காலையில் காளையார்கோவிலில் நாங்கள் பார்த்த போர்க்களமும் இந்தக் கடலும் ஒரே சீமையின் கதை. அதை வேனில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காளையார்கோவிலுக்கு நடை சாத்தப்போகிற நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாமி கும்பிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், அரை மணி நேரம் என்றார்கள். 1772 ஜூன் 25ல் ஆற்காடு நவாப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து தாக்கி மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்ற ஊர் அது. அவருடைய ராணி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போய், மைசூர் ஹைதர் அலியின் உதவியோடு 1780ல் சீமையை மீட்டது அதற்குப் பிறகுதான். அடுத்து 1801, மருது சகோதரர்களோடு கம்பெனி நடத்திய போர். சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட கம்பெனிப் படை ஒரு மாதம் போராடி முடியாமல் கைவிட்டது, பிறகு வேறு வேறு திசைகளிலிருந்து வந்து அக்டோபர் 1ல்தான் ஊரைப் பிடித்தது. மருது சகோதரர்களை அதே மாதம் 24ல் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அவர்கள் சமாதி காளையார்கோவிலில் கோயிலுக்கு எதிரேயே இருக்கிறது, எங்கள் வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே வண்டி ஏறினார்கள். பெரிய மருது எழுப்பிய கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூட நேரமில்லை. அந்தப் பெருங்காடு இன்று இல்லை, வழியெல்லாம் சீமைக்கருவேலம்தான், அதனால் யாராவது சொன்னால்தான் இது போர் நடந்த இடம் என்றே தெரியும். சொல்லத் தெரிந்த ஒருவரை வேனில் ஏற்றுவது அவ்வளவு பெரிய செலவா?

வழியில் கொல்லங்குடியில் நிறுத்தவே இல்லை. வேலுநாச்சியார் போன திசையைக் காட்டிக்கொடுக்காமல் வெட்டுப்பட்டதாகச் சொல்லப்படும் உடையாளை மக்கள் கும்பிடுகிற வெட்டுடையார் காளி கோயில் அங்கேதான் இருக்கிறது, தொண்டி ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

என் யோசனை: சொந்த வண்டியோ வாடகைக் காரோ எடுத்து விடியற்காலையில் கிளம்புங்கள். சிவகங்கை, கொல்லங்குடி, காளையார்கோவில் மூன்றையும் மதியத்துக்குள் ஆற அமரப் பார்த்துவிட்டு, திருவாடானை வழியாகக் காரங்காடு போங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் குறுகிய வாய்க்கால்களுக்குள் படகு நுழையாது, அதனால் முந்தின நாளே போன் போட்டு நீர்மட்டம் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி அவசியம், படகில் நிழல் கிடையாது. அக்டோபர் கடைசி வாரம் மருது சகோதரர்கள் குருபூஜைக் கூட்டம் இருக்கும், போலீஸ் கட்டுப்பாடும் இருக்கும், சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்கள் வேறு தேதி பாருங்கள். படகுக்கு ஐந்துக்கு ஐந்து, வேன் பயணத்துக்கு இரண்டு.