நுண்கோள கிட்: கோளங்களுக்கு முழு மதிப்பெண், வழிகாட்டிக்குப் பாதிகூட இல்லை

ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கோளங்கள் மிதக்கும் சின்ன பாட்டில், வட்டக் குழிகள் பதித்த மூன்று சிலிக்கோன் ரப்பர் சில்லுகள், நாலு பக்க வழிகாட்டி. கிட் இவ்வளவுதான். சில்லின் மேல் ஒரு துளி விட்டுக் காயவைத்தால் கோளங்கள் தாமாகவே குழிகளுக்குள் போய் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்தது. உட்காரத்தான் செய்கின்றன. ஆனால் அதைக் கண்ணால் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது, அதில் இரண்டு வாரத்தை அந்த வழிகாட்டி தின்றுவிட்டது.

முதலில் கோளங்கள். பிரமாதம், வேறு சொல் இல்லை. சில்லுகளைத் தொடுவதற்கு முன் நன்றாகக் கழுவிய வெறும் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, கொஞ்சம் சாய்வாக வைத்து மெதுவாகக் காயவிட்டேன். வெள்ளையாகப் பால் மாதிரி இருந்த துளி காய்ந்ததும், தகட்டைத் திருப்பத் திருப்ப மயில்கழுத்து நிறம் ஓடியது. சாயம் எதுவும் கிடையாது, கோளங்கள் ஒரே அளவில் நெருங்கி அடுக்கியிருப்பதால் மட்டுமே வரும் நிறம் அது. ஓபல் கல்லின் நிறவிளையாட்டுக்கும் இதுதான் காரணம். அதற்குள் சிலிக்கா உருண்டைகள் இப்படி ஒழுங்காக அடுக்கியிருப்பதை சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1964-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு எழுதினார். உருண்டைகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறியிருந்தால் இந்த அடுக்கே வராது, அதனால் நிறம் தெரிந்தவுடனேயே சரக்கு நல்ல சரக்கு என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் பச்சை லேசரை (532 நானோமீட்டர்) தகட்டின் வழியே அடித்துப் பார்த்தேன். பல இடங்களில் சுவரில் வளையம் விழுந்தது, ஏனென்றால் ஒளிக்கற்றை வெவ்வேறு பக்கம் திரும்பிய பல அடுக்குத் துண்டுகளை ஒரே நேரத்தில் தொடுகிறது. ஓரிடத்தில் மட்டும் நடுப்புள்ளியைச் சுற்றி அழகாக ஆறு புள்ளிகள். அறுகோண அடுக்கில் வரிசைக்கு வரிசை 0.866 மைக்ரான், அதன்படி இந்த ஒளிக்கு அந்தப் புள்ளிகள் நேர்க்கற்றையிலிருந்து சுமார் 38 டிகிரி விலகி விழவேண்டும். அளந்தேன், அதை ஒட்டித்தான் வந்தது.

சரி, சில்லுகளுக்கு வருவோம். குழியின் அகலத்தை வைத்தே அதற்குள் எத்தனை கோளம் உட்காரும் என்று முடிவாகிவிடுகிறது, வெறும் வடிவியல்தான். குழி கோளத்தைப் போல 2 மடங்கு இருந்தால் இரண்டு, 2.15 மடங்கு இருந்தால் மூன்று, 2.41 மடங்கு இருந்தால் நான்கு. மூன்று சில்லுகளும் இந்த மூன்று கணக்குக்குச் செய்தவை, குழியின் ஆழமும் ஒரு கோளத்தின் உயரத்தை ஒட்டியே இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. அச்சு சுத்தமாக விழுந்திருக்கிறது, மைக்ரோஸ்கோப்பில் தேடித் தேடிப் பார்த்தும் உடைந்த குழிகள் மிகக் குறைவு.

என் கோபமெல்லாம் வழிகாட்டி மீதுதான். "துளி விடவும், காயவிடவும்" என்பதற்கு மேல் அதில் உருப்படியாக ஒன்றுமில்லை. பாட்டிலில் கோளங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சோப்பு போன்ற ஒரு பரப்பு இயங்கி சேர்த்திருக்கிறார்கள், ஆனால் எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. இந்த வேலைக்கு உயிரே அதுதான்! சோப்பு அதிகமானால் நீர் ரப்பர் மேல் தட்டையாகப் படர்ந்து, கோளங்களைக் குழிக்கு வெளியேயும் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. சோப்பே இல்லாவிட்டாலோ நீர் உருண்டு திரண்டு, போகிற வழியில் கோளங்களையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது, குழிகள் காலி. நான் முதல் வாரம் முழுக்க முதல் தவறையும், சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிக் கோளங்களை அடியில் படியவைக்கும் கருவி) மூன்று தடவை கழுவிய பிறகு இரண்டாம் வாரம் முழுக்க இரண்டாம் தவறையும் செய்துகொண்டிருந்தேன். கடைசியில், கழுவிய கோளங்களோடு நானே அளந்து துளித் துளியாகச் சோப்பு சேர்த்து, துளியின் ஓரம் ரப்பரைத் தொடும் கோணத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சரியான அளவைப் பிடித்தேன். விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன், வழிகாட்டியையே மறுபடி அனுப்பி வைத்தார்கள்.

ஆனால் அது சரியாக அமைந்த அன்று பார்த்ததை மறக்க முடியாது. துளிக்குள் கோளங்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. நீரின் ஓரம் மெல்லப் பின்வாங்குகிறது, அந்த ஓரத்தில் கோளங்கள் கும்பலாக நெருக்குகின்றன. ஓரம் ஒரு குழியைக் கடக்கும்போது முதல் கோளம் உள்ளே இறங்குகிறது, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இரண்டு, நான்கும் ஒன்றை ஒன்று தள்ளி ஒரு சதுரமாக நின்றுவிடுகின்றன. நீர் போன பிறகு அசைவே இல்லை. அப்படியே அடுத்த குழி, அதற்கடுத்தது. விரலால் தொடக்கூட முடியாத பொருளை நீரின் விளிம்பு ஒன்றே தள்ளி அடுக்குகிறது, நான் வாய் பேசாமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். குழாய்த் தண்ணீரில் நீர்க்க வைக்காதீர்கள், கோளங்களைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள மின்னூட்டம், தண்ணீரிலுள்ள உப்பு அதை மறைத்தால் அவை கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். குளிரில் வையுங்கள், ஆனால் உறைந்துவிட்டால் பாட்டிலே வீண். சில நாள் வைத்தால் கோளங்கள் அடியில் தங்கும், மணிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும் என்றாலும் தங்கத்தான் செய்யும், எடுக்கும் முன் நன்றாகக் கலக்குங்கள். சில்லைத் துடைக்க அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பாலிஸ்டைரீன் இளகிக் குழிக்குள் பிசின் மாதிரி அப்பிவிடும். ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தாலே கோளங்கள் அதோடு வந்துவிடுகின்றன. நான்கு கோளச் சில்லை நான் இப்படி ஏழெட்டுத் தடவை உரித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டேன், குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.