நான்கு வருடமாகத் தீவு தேடுகிறேன்: செல்போன், அட்லஸ், உலக உருண்டை

டிரிஸ்டன் டா குன்ஹா என்ற தீவுக்கூட்டத்தின் பெயரைப் படித்த அன்று, செல்போன் வரைபடத்தைத் திறந்து தெற்கு அட்லாண்டிக்கில் கால் மணி நேரம் துழாவினேன். நீலத்தைத் தவிர எதுவும் சிக்கவில்லை. பெயரைத் தட்டினால் நொடியில் காட்டிவிடும், சரி. ஆனால் காட்டிய இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஒட்டாது.

ஏன் சிக்கவில்லை என்று பிறகு கணக்குப் போட்டேன். முதன்மைத் தீவின் குறுக்களவு சுமார் 12 கி.மீ. உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலத்தில் அடங்கும்போது, நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சலே 156 கி.மீ. படத்தை நாலு முறை இரட்டிப்பாக்கினால்தான் தீவு ஒரு பிக்சலைத் தாண்டுகிறது. அந்த நெருக்கத்தில் தீவை நடுவில் வைத்தால், நிமிர்த்திப் பிடித்த செல்போன் திரைக்குள் எந்தக் கண்டத்தின் கரையும் வராது.

அப்புறம்தான் 12 அங்குல உலக உருண்டை வாங்கினேன். ஆப்பிரிக்காவின் தென்முனையில் விரலை வைத்து, மேற்கே, கொஞ்சம் கீழே இறக்கினால் ஏழு சென்டிமீட்டருக்குள் தீவு. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கி.மீ. என்பது அப்போதுதான் கைக்குப் புரிந்தது. விமான நிலையம் கிடையாது, கப்பலில்தான் போக வேண்டும். உண்மையான அளவில் அச்சிட்டால் புள்ளி 0.3 மில்லிமீட்டர்தான் வரும். தாராள மனதோடு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எழுத்துதான் பொடி, லென்ஸ் இல்லாமல் முடியாது.

அட்லஸில் நான் மதிப்பது பின்பக்க அகரவரிசையை மட்டும். தீவுகளைத் தனிப் பெட்டிக்குள் போடும் பழக்கம் எரிச்சல். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் நிலை இன்னும் மோசம்: 180 பாகை தீர்க்கரேகையில் வெட்டிய உலகப்படத்தில் கில்பர்ட் தீவுகள் வலது ஓரத்துக்கும் லைன் தீவுகள் இடது ஓரத்துக்கும் போய்விடும். உருண்டையில் இந்த வெட்டே இல்லை.

ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்; தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி) போட்டுத் தேடுவதும் சுலபம், கழித்தல் குறியை விடாதவரை. டிரிஸ்டன் ஏறத்தாழ −37.1, −12.3. ஒருமுறை இரண்டு குறிகளையும் விட்டுவிட்டேன். சிசிலிக்குத் தென்மேற்கே மத்தியதரைக் கடலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயும் தண்ணீர்தான் என்பதால் தப்பு உடனே உறைக்கவில்லை.

இதே கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கஃப் தீவு, தென்கிழக்கே சுமார் 400 கி.மீ. தள்ளி இருக்கிறது. என் உருண்டையில் அது இல்லவே இல்லை. டிரிஸ்டனிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளந்து பென்சிலால் புள்ளி வைத்தேன். தூசி துடைக்கும்போதெல்லாம் அழிந்துபோகிறது, திரும்ப வைத்துக்கொள்கிறேன்.