கயாக் வலிப்போரைக் காப்பது வேக வரம்பா, இடைவெளி விதியா?

கோலாலம்பூர்வாசிகள் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை வலிக்கச் செல்லும் ஏரிகளுள் புத்ராஜெயா ஏரி அருகில் உள்ளது. விடுமுறை நீண்டால் சிலர் திரங்கானுவின் கென்யிர் வரை செல்கின்றனர். முன்னது பாலங்கள் குறுக்கிடும், சுமார் 400 ஹெக்டேர் பரப்புள்ள செயற்கை ஏரி. பின்னது 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவாகி, மூழ்கிய குன்றுகள் தீவுகளாக எஞ்சி நிற்கும் பெரும் நீர்த்தேக்கம். விசைப்படகுகளுக்கு வேக வரம்பு வேண்டுமா என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் ஒரே விடை கிடைக்காது.

வேக வரம்பு என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட இரு ஏற்பாடுகள் உலவுகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வின்னிபசாக்கி ஏரியில் பகலில் மணிக்கு 45 மைல், இரவில் 25 மைல் என்ற உச்ச வரம்பு 2009-இல் நடப்புக்கு வந்தது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியிலோ 2005 முதல் 10 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18.5 கிலோமீட்டர்தான், அங்கு நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டையும் ஒரே மூச்சில் சான்று காட்டுவோர் எதைக் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை.

45 மைல் வேகத்தில் செல்லும் படகு நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. கயாக்கோ அதே நொடியில் ஒன்றரை மீட்டர்கூட நகராது. வலிப்பவரின் தலை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டருக்குள்தான் இருப்பதால், சிறு அலை எழுந்தாலே அவர் மறைந்துவிடுவார். 200 மீட்டர் தொலைவில் அவரைக் கண்டுகொண்டால் ஓட்டுநருக்குப் பத்து நொடி உண்டு. 60 மீட்டரில் கண்டால் மூன்றே நொடி. எண் எதுவும் தேவையில்லை, கப்பல்களும் படகுகளும் மோதாதிருக்க வகுத்த 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள் 'பாதுகாப்பான வேகம்' என்று சொல்வதே போதும் என வாதிடுவோர் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் விபத்து நடந்த பின்னரே அளந்து பார்க்கப்படும் அளவுகோல். எண்ணால் குறித்த வரம்பை மீறுபவரை முன்னதாகவே நிறுத்திவிடலாம்.

இடைவெளி விதி வேறொரு தீங்கைக் கவனிக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பிற படகுகளிலிருந்தும் நீந்துவோரிடமிருந்தும் 150 அடிக்குள், அதாவது சுமார் 46 மீட்டருக்குள், வரும் விசைப்படகு மணிக்கு 6 மைல் அளவுக்கு ஊர்ந்துதான் செல்ல வேண்டும். கயாக்கைக் கவிழ்ப்பது மோதல் மட்டுமன்று, படகு கிளப்பும் அலையும்தான். அந்த அலை மிகுதியாக எழுவது உச்ச வேகத்தில் அல்ல: படகு நீரைப் பிளந்து, முகப்பைத் தூக்கி, இன்னும் நீர்மேல் சமநிலைக்கு வராத இடைவேகத்தில்தான். அப்போது தூக்கிய முகப்பு ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கிறது. எனவே 10 நாட் போன்ற வரம்பு மோதலைத் தணித்தாலும் சில படகுகளை அந்த மோசமான வேகத்திலேயே ஓடவிடக்கூடும். இடைவெளி விதிக்கும் குறையுண்டு: அடையாளக் குறியில்லாத நீர்ப்பரப்பில் 46 மீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், 45 மைல் வேகத்தில் அத்தொலைவு இரண்டே கால் நொடியில் தீர்ந்துவிடும்.

மிதவை கட்டிப் பகுதி பிரிப்பதும், காலை நேரத்தைத் துடுப்புப் படகுகளுக்கு ஒதுக்குவதும் மூன்றாவது வழி. புத்ராஜெயா போன்ற குறுகிய ஏரிக்கு இதையும் இடைவெளி விதியையும் சேர்த்து முதலில் வைப்பேன்; பாலத் தூண்கள் பார்வையை மறைக்கும் இடங்களில் மட்டும் ஊர்வேகம் கட்டாயமாகட்டும். பருவத்துக்குப் பருவம் நீர்மட்டம் ஏறி இறங்கும் கென்யிரின் பரப்பு முழுவதும் மிதவை கட்ட இயலாது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி வரம்பு இடைவெளி விதியோடு சேர்ந்தே வேண்டும், இரவு வரம்பு பகலினும் மிகக் குறைவாக. இருட்டில் வலிப்போரும் வெண்ணொளி விளக்கைக் கையோடு வைத்திருந்து உரிய நேரத்தில் காட்ட வேண்டும் என அதே 1972 விதிகள் சொல்கின்றன. விளக்கில்லாத கயாக்கை 25 மைல் வேகத்தில் வரும் ஓட்டுநராலும் காண இயலாது.