பேட்டரி மாத்துறதா, 10 வருஷ சீல்டா, வைஃபையா: உப்புக்காத்து ஊருக்கு எந்த ஸ்மோக் அலாரம்?

கீழக்கரைல எங்க வீட்டுல மூணு வகை ஸ்மோக் அலாரமும் ஓடிருச்சு. தேடித்தேடி வாங்கல, தானா சேந்தது. சிங்கப்பூர்ல 2018 ஜூன்லேந்து புது வீட்டுக்கெல்லாம் இது கட்டாயம், அதப் பாத்துட்டு அங்க இருக்குற காக்கா (எங்க அண்ணன்) லீவுல வரும்போது டபுள் ஏ பேட்டரி போடுற மாதிரி நாலு கொண்டாந்தாக, அடுத்த வருஷம் மச்சான் சீல்டு, அதாவது லித்தியம் பேட்டரிய உள்ளயே வச்சு மூடுனது மூணு கொண்டாந்தாரு, நடுவுல நான் ஆன்லைன்ல ஒரு வைஃபை அலாரம் வாங்கி மாட்டுனேன். காக்காவோடதும் மச்சானோடதும் ரேடியோவுல ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற வயர்லெஸ் செட்டு, ஒண்ணு கத்துனா எல்லாம் கத்தணும்ங்கறதுதான் அதோட பிளஸ்ஸே, ஆனா ஒரு கம்பெனி அலாரம் பொதுவா இன்னொரு கம்பெனியோட ஜோடி சேராது, அதனால கொஞ்ச நாள் ஒரே வீட்டுல ரெண்டு கூட்டம்.

பேட்டரி மாத்துற வகை பாக்க சுளுவா இருக்கும். ஆனா எங்க தெருவுலேந்து கடல் கூப்பிடு தூரம், ஒன்றரை வருஷத்துல பேட்டரி மாட்டுற ஸ்பிரிங்ல துருவும் பச்சையுமா பூத்துருச்சு. புது செல் போட்டாலும் பேட்டரி தீந்த மாதிரி கீச், கீச். பென்சில் அழிக்கிற ரப்பர் வச்சு ஸ்பிரிங்க நல்லா தேச்சுட்டு போட்டேன், நின்னுச்சு. மலிவு செல்லு போட்டா ஒழுகும், சார்ஜ் பண்ற செல் கூடாது, கம்பெனி சொல்ற அல்கலைனோ லித்தியமோதான் போடணும். அப்புறம் ராத்திரி மட்டும் ஏன் கீச்சுங்குதுன்னா பேய் பிசாசெல்லாம் இல்ல, வாடைக்காத்து அடிக்குற விடியக்காலத்துல சில்லுனு ஆனதும் தேஞ்ச பேட்டரில வோல்டேஜ் இன்னும் இறங்கும், அவ்வளவுதான்.

இந்த வகைக்கு பெரிய எதிரி உப்பு கூட இல்ல, மனுஷந்தான். தொதல் (எங்க ஊரு இனிப்பு) கிண்டுன அன்னிக்கு விறகுப் புகைக்கு நாலும் சேந்து அலறவும் உம்மா ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரிய உருவிட்டாக, ஆறு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும்.

சீல்டுல அந்த வேலை நடக்காது. பேட்டரிய உருவ முடியாது, உப்புக்காத்து படுற ஸ்பிரிங்கும் வெளிய இல்ல. ஆனா 10 வருஷம்னு போட்டிருக்கறத பாத்துட்டு மாட்டி மறந்துறக் கூடாது. உள்ள ஒரு இன்ஃப்ராரெட் லைட் அடிக்கும், புகை வந்தா அந்த வெளிச்சம் சிதறி சென்சார்ல படும், அப்ப கத்தும். புழுதியும் பூச்சியும் நொழஞ்சாலும் அதே கததான்.

போன ஆடில கச்சான் காத்து ஊரையே புழுதியாக்குன நேரம், ராத்திரி மூணு மணிக்கு எல்லா ரூம்லயும் அலாரம், புகையும் இல்ல நெருப்பும் இல்ல, எது ஆரம்பிச்சதுன்னே புரியல. இதுக்கு ஒரு வழி இருக்கு, பெரும்பாலான மாடல்ல முதல்ல புகை கண்ட அலாரத்துல மட்டும் செகப்பு லைட் வேகமா மின்னும், மத்ததெல்லாம் சும்மா கூட கத்துறது. முதல்ல வீட்ட சுத்திப் பாத்துட்டு அப்புறம் லைட்ட தேடுங்க. எங்களுக்கு மாடிப்படி மேல இருந்தது மின்னுச்சு, கழட்டிப் பாத்தா ஓட்டைக்குள்ள நெல்லளவு எட்டுக்கால் பூச்சி, சுத்தி நூலாம்படை. இப்ப மாசம் ஒரு தடவ டெஸ்ட் பட்டன், கச்சான் மாசங்கள்ல வேக்யூமும் காஞ்ச பிரஷ்ஷும். ஈரத்துணி, கொசு ஸ்ப்ரே ரெண்டும் கிட்ட வரக்கூடாது.

இந்த 10 வருஷ கணக்கு வாங்குன நாள்லேந்து இல்ல, பின்னாடி அடிச்சிருக்குற தயாரிப்புத் தேதிலேந்து. பேட்டரி மாத்துற வகைக்கும் இது உண்டு, செல்ல மாத்துனா சென்சார் இளசாயிறாது. சீல்டுல குறை என்னன்னா நடுவுல கெட்டா மொத்தத்தையும் தூக்கிப் போடணும், வாரன்டிக்கு சிங்கப்பூரா போக முடியும்.

வைஃபை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. துபாய்ல இருக்குற தம்பி போனுக்கும் மெசேஜ் போகும், நல்லதுதான், ஆனா கரண்டு போச்சுன்னா ரவுட்டரும் போச்சு, புயல் நேரத்துல நம்ம பக்கம் கரண்டு என்ன கதின்னு தெரியும். இருந்த ரூம்ல மட்டும் கத்தும், மாடில தூங்குறவனுக்கு கேக்காது. ரேடியோவுல பேசிக்கற அந்த வயர்லெஸ் செட்டுக்கு ரவுட்டரே வேணாம். ஆனா அதுவும் கான்கிரீட்டுக்கும் தகரத்துக்கும் திணறும், எங்க மாடி தகர ஷெட் ரூம் அலாரம் டெஸ்ட்ல பேசாமயே இருந்துச்சு, படிக்கட்டு பக்கம் நாலடி தள்ளி மாட்டுனதும் சரியாச்சு.

அடுப்படிக்கு மூணுமே வேணாம். மீன் பொரிச்சா ஊரக் கூட்டும். அங்க ஹீட் அலாரம், 57 டிகிரி பக்கம் சூடு ஏறுனாத்தான் கத்தும், சீல்டு செட்டு கம்பெனிலயே வாங்கி அதோட ஜோடி சேத்துட்டேன்.

பரமக்குடி மாதிரி கடல விட்டு உள்ள தள்ளி இருக்குற ஊர்ல, ஒழுங்கா செல் மாத்துற ஆளா இருந்தா பேட்டரி வகை போதும், காசும் மிச்சம். கடலோரத்துல நான் சீல்டுதான் சொல்லுவேன். காக்கா கொண்டாந்த நாலையும் கழட்டியாச்சு, மூணுல செல்ல உருவிட்டேன், நாலாவது எந்த அலமாரில கெடக்குதோ, நிமிஷத்துக்கு ஒரு கீச். உம்மா பல்லின்னு நெனச்சுக்கிட்டு இருக்காக.